வீட்டுக்குள் செய்யும் தர்மம்

அய்யா துணை

அன்புக்கொடி மக்களே,

பசித்து வருகிறவருக்கு அன்னமிடுவது தர்மம். இதில் யாருக்கும் ஐயமில்லை. ஆனால் பெற்ற பிள்ளைக்குச் சோறு போடுவதும், கொண்டவனுக்கும் மாமன் மாமிக்கும் பணிவிடை செய்வதும் தர்மமாகுமா? அது கடமைதானே, பாசம்தானே, அதைத் தர்மம் என்று சொன்னால் தன்னலத்துக்கே நல்ல பெயர் சூட்டியதாகாதா என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். இதற்கு விடை தேடும்போதெல்லாம் எனக்கு என் பாட்டியின் நினைவு வருகிறது.

சாமிதோப்புக்கு நடந்தே போய்வரக்கூடிய ஊர் எங்களுடையது. தாத்தா பனையேறி. பாட்டி விடியுமுன் எழுந்து, குளித்து, திருநாமம் இட்டு, "அய்யா சிவசிவ" என்று சொல்லிய பிறகுதான் அடுப்பைப் பற்ற வைப்பார். தாத்தா இறக்கிவரும் அக்கானியைக் காய்ச்சிச் சிரட்டையில் ஊற்றிக் கருப்பட்டியாக்குவது அவர் வேலை. உலையில் அரிசி போடும் ஒவ்வொரு முறையும் ஒரு கைப்பிடி எடுத்து மூலையிலுள்ள ஓலைப்பெட்டியில் போடுவார். ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெட்டி நிழல்தாங்கலுக்குப் போகும். வீட்டில் அரிசி குறைந்த நாட்கள் பல உண்டு. அப்போதும் அந்தக் கைப்பிடி குறைந்ததில்லை. குறைந்தது பாட்டியின் சோறு.

பாட்டியின் மாமியார் கடைசி ஏழு வருடம் கை கால் விளங்காமல் கட்டிலில் கிடந்தார். ஊட்டுவது, துடைப்பது, புரட்டிப் படுக்க வைப்பது, துணி துவைப்பது எல்லாம் பாட்டிதான். அந்த ஏழு வருடமும் கொடியேற்றுத் திருநாளுக்கோ, கார்த்திகையில் ஏடு வாசிப்புக்கோ பாட்டியால் பதிக்குப் போக முடியவில்லை. "பதிக்கு வராம வீட்டுக்குள்ளயே கிடந்தா அது என்ன பக்தி?" என்று பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி கேட்டாளாம். "இந்தக் கட்டில்ல கிடக்கதும் அய்யாதான் மக்களே" என்று பாட்டி பதில் சொன்னாராம்.

இதில் இன்னொரு செய்தியும் உண்டு. அந்த மாமியார் நல்ல காலத்தில் பாட்டியை அழ வைத்தவர். பிறந்த வீட்டுக்குப் போகவிடாமல், வயிறாரச் சாப்பிடவிடாமல் வைத்திருந்தவர். இதைப் பாட்டி எங்களிடம் சொன்னதேயில்லை. வயதான உறவினர்கள் சொல்லித்தான் தெரியும். ஆகவே அந்த ஏழு வருடப் பணிவிடையைப் பாசம் என்று சொல்ல முடியாது. பாசம் பிறக்க அங்கே இடமில்லை. ஊருக்குப் பயந்து செய்த கடமை என்றும் சொல்ல முடியாது. அப்படிச் செய்கிறவருடைய கையில் அந்த இதம் இருக்காது.

கீழே விழுந்து கிடப்பவரைத் தூக்கி நிறுத்திக் காப்பதுதான் தர்மம் என்று அய்யா நமக்கு விளங்க வைத்தார். விழுந்து கிடப்பவர் நேற்று நம்மை மிதித்தவராக இருந்தாலும், இன்று விழுந்து கிடக்கிறார் என்பதே போதும். அவர் தெருவில் கிடந்தாலும் நம் வீட்டுக் கட்டிலில் கிடந்தாலும் தர்மம் ஒன்றுதான்.

அய்யா யாரையும் வீட்டைத் துறந்து வரச் சொல்லவில்லை என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். வாகைப்பதிக் கடற்கரையில் துவையல் தவசு செய்தவர்கள் 700 குடும்பத்தார். ஆணும் பெண்ணும் பிள்ளைகளுமாக அங்கே இருந்து, குளித்து, துணி துவைத்து, பச்சரிசியும் சிறுபயறும் பொங்கி உண்டார்கள். குளிப்பதும் துவைப்பதும் பொங்குவதும் வீட்டு வேலைகள்தானே? அவற்றையே அய்யா தவமாக்கித் தந்தார். பாட்டி அந்தத் தவத்தை அடுப்படியில் செய்தார்.

இத்தோடு நிறுத்தினால் இது பாட்டியின் புகழாக முடிந்துவிடும். ஆனால் கேள்வியின் மறுபாதி இன்னும் இருக்கிறது. அவர் செய்தது தர்மம். அதை வாங்கிக்கொண்ட நாங்கள் செய்தது என்ன?

முத்திரிக்கிணற்றில் எல்லாச் சாதியாரும் ஒன்றாக நீராடவும், ஒரே பந்தியில் அமர்ந்து உண்ணவும் வழி செய்தவர் அய்யா. பதியில் அன்னதர்மம் நடக்கும்போது இன்னார் முந்தி, இன்னார் பிந்தி என்று கிடையாது. ஆனால் எங்கள் வீட்டில் பிந்தி ஒருவர் இருந்தார். எல்லாரும் உண்டு எழுந்தபின், பானையில் மிஞ்சியதை அடுப்படியில் குந்தியிருந்து சாப்பிட்டவர் பாட்டி. மீன் குழம்பில் மீன் மிஞ்சியதா என்று நாங்கள் ஒருநாளும் கேட்டதில்லை. பதியில் சமத்துவம் பேசிவிட்டு வந்து, வீட்டில் ஒருவரைக் கடைசியில் வைத்திருந்தோம். அவர் மனமுவந்து செய்தார் என்பது உண்மை. அவர் மனமுவந்து செய்தது நம்மை நியாயப்படுத்தாது என்பதும் உண்மை.

பாட்டியின் முதுமையில் ஒருநாள் பிடிவாதமாக என் பக்கத்தில் இலை போட்டு உட்கார வைத்தேன். சாப்பிட்டு முடிக்குமுன் மூன்று தடவை எழுந்துவிட்டார். ஒரு தடவை எனக்குத் தண்ணீர் எடுக்க, இரண்டு தடவை யாருக்கோ பரிமாற. பந்தியில் உட்கார அவருக்குப் பழக்கமில்லை. பழக்காதது நாங்கள்.

அவர் காலமானபோது நம் முறைப்படி வடக்கு நோக்கி இருத்தி அடக்கம் செய்தோம். பாட்டி உட்கார்ந்திருக்க, வீட்டார் அத்தனை பேரும் சுற்றி நின்றுகொண்டிருந்ததை அன்றுதான் கண்டேன்.

பள்ளியறைக் கண்ணாடியில் நம் முகத்தைக் காண்கிறோம். உனக்குள்ளும் இறைவன் உண்டு என்பதே அதன் பொருள். பாட்டி அதை உண்ணவந்த ஒவ்வொரு முகத்திலும் கண்டார். பாட்டியின் முகத்தில் அதை நாங்கள் காணத் தவறினோம்.

அன்பானவர்களே, உங்கள் வீட்டிலும் கடைசியில் உண்பவர் ஒருவர் இருப்பார். தாயாக, மனைவியாக, மருமகளாக, பாட்டியாக இருக்கலாம். அவர் மறைந்தபின் பெயர் சொல்லி அன்னதர்மம் செய்வது நல்லதுதான். அதற்கு முன்பே, இன்று இரவு, அவருக்கு முதலில் இலை போடுங்கள். அவர் எழுந்தால் கையைப் பிடித்து உட்கார வையுங்கள். பரிமாறுகிற கரண்டி ஒரு வேளையாவது உங்கள் கையில் இருக்கட்டும். வீட்டுக்குள் செய்யும் தர்மம் அங்கிருந்து தொடங்கும்.

அய்யா உண்டு.