சலனம் சொல்லும் செய்தி

தியானத்திலிருந்து எழும் சாதகர் பலர் சொல்வது இதுதான்: "இன்றும் மனம் நிற்கவில்லை, அரை மணி நேரம் வீணாயிற்று." உண்மையில் அது வீண்தானா?

இயற்பியல் சோதனை ஒன்று இக்கேள்வியை என்னுள் புதிதாக எழுப்பியது. அணுக்களை ஆராயும் லேசர் ஒளி எவ்வளவு சீராக உள்ளதோ அவ்வளவு நல்லது என்பது பொதுக்கருத்து. ஆனால் குறைக்கடத்தி லேசரின் ஒளியில் இயல்பாகவே ஒரு நடுக்கம் உண்டு. பிரகாசம் ஏறக்குறைய ஒரே அளவில் இருந்தாலும், அதிர்வெண் கணத்துக்குக் கணம் சற்றே மாறியபடி இருக்கும். இதை 'இரைச்சல்' என்பர்; இதைக் குறைக்கவே ஆய்வுக்கூடங்களில் பெருமுயற்சி நடக்கிறது.

1991-இல் ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் யாபுசாகியும் இரு சக ஆய்வாளர்களும் அந்த இரைச்சலையே கருவியாக்கினர். நடுங்கும் ஒளியைச் சீசியம் ஆவியினூடே செலுத்தினர். அணு எல்லா அதிர்வெண்களையும் ஒரே அளவில் ஏற்பதில்லை; தனக்குரியதையே மிகுதியாக உறிஞ்சும். ஆகவே அதிர்வெண்ணின் நடுக்கம், ஒளி வெளிவரும்போது பிரகாசத்தின் ஏற்ற இறக்கமாக மாறியது. அதைப் பகுத்துப் பார்த்தபோது, சீசியம் அணுவின் ஆற்றல் நிலைகளுக்கு இடையிலுள்ள இடைவெளிகள் அதில் புலப்பட்டன. இடையூறு என்று ஒதுக்கப்பட்டதிலேயே அணு தன்னைக் காட்டிக்கொண்டது!

ஜபத்தில் அமர்ந்தவரின் மனமும் கண்டபடி ஓடுவதில்லை. சில இடங்களுக்கே திரும்பத் திரும்ப ஓடுகிறது. ஒருவருக்கு அது பழைய அவமானம். இன்னொருவருக்கு மகனின் வேலை. வேறொருவருக்குக் கிடைக்காத பாராட்டு. (கடைசியாகச் சொன்னதைத் துறவிகளும் அறிவோம்.) எழுந்து மறையும் எண்ணற்ற நினைவுகளுள் தன் சம்ஸ்காரத்துக்கு உரியதையே சித்தம் பற்றிக்கொள்கிறது. எது பற்றப்படுகிறது என்று கவனிப்பவர், எந்த நூலிலும் எழுதப்படாத தம் வரலாற்றைப் படிக்கிறார்.

அப்படியானால் மனத்தை அலையவிடலாமா? கூடாது. கியோட்டோவில் நடுங்கியது ஒளி. அளந்த கருவியும் அதனோடு சேர்ந்து நடுங்கியிருந்தால் எதுவும் தெரிந்திராது. கோபத்தோடு தானும் ஓடுபவர் கோபத்தை அறிவதில்லை. அந்தக் கருவியின் இடத்தில் விவேகத்தை வைக்கலாம். வேதாந்தம் கூறும் சாட்சியை வைக்க இயலாது. கருவியும் அறியப்படும் பொருளே. சாட்சி ஒருபோதும் பொருளாவதில்லை. ஒப்புமையை நிரூபணமாகக் கொண்டு, வேதாந்தத்தை விஞ்ஞானம் மெய்ப்பித்துவிட்டது என்று மகிழ்வது இரண்டுக்குமே நீதி செய்வதாகாது.

இரைச்சலின் கணநேரப் பதிவில் ஒழுங்கு எதுவும் தெரியாது. பல பதிவுகளைச் சேர்த்துச் சராசரி கண்ட பிறகே வடிவம் எழுகிறது. மனம் ஒருநாள் எங்கோ ஓடியதில் பொருள் இல்லாமல் இருக்கலாம். நாற்பது நாட்களும் அது ஒரே வீட்டு வாசலில் போய் நின்றால்?