ஹலால் என்பதோடு கேள்வி முடிந்துவிடுமா?

ஒரு பிராணியின் இறைச்சி ஹலால் என்று தெரிந்துவிட்டால், அதன்பின் யோசிக்க ஒன்றுமில்லை என்ற எண்ணம் நம் மக்களில் பலரிடம் இருக்கிறது. ‘பிஸ்மில்லாஹ் சொல்லி அறுத்தாயிற்று, இனி என்ன?’ என்கிறார்கள். இந்த எண்ணம் சரிதானா என்பதைச் சற்று ஆராய்வோம்.

இவ்வாண்டு பங்குனியில் நண்பர்கள் சிலரும் வீட்டாருமாகக் கோடியக்கரைக்குச் சென்றிருந்தோம். வங்கக் கடலும் பாக் நீரிணையும் சந்திக்கும் அந்த முனை 1967இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2002இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. சுபுஹு தொழுதுவிட்டுப் போய், உப்பளத்தை ஒட்டிய சேற்று நிலத்தில் நின்றோம். தூரத்தில் பூநாரைகள், அருகே ஆலாக்கள், காலடிச் சேற்றில் ஓடி ஓடிக் கொத்தும் உள்ளான் கூட்டங்கள். பிள்ளைகள் தொலைநோக்கியைக் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தனர். “வாப்பா, இது ஏன் நிமிரவே மாட்டேங்குது?” என்று சின்னவள் கேட்டாள்.

நியாயமான கேள்விதான். கொசு உள்ளான் ஏறத்தாழ 25 கிராம் எடையுள்ளது. அது குஞ்சு பொரிக்கும் இடமோ ருஷ்யாவின் வடகோடியிலுள்ள பனிச் சமவெளி. குளிர் காலத்தை நம் கரையில் கழித்துவிட்டு, பங்குனி சித்திரையில் வடக்கே புறப்படுகிறது. புறப்படுமுன் இரவு பகலாக இரை தேடித் தின்று உடலில் கொழுப்பைச் சேர்த்துக் கொள்கிறது. இவ்வகைப் பறவைகளில் சில, தம் எடையைப் பாதிக்கு மேல் கூட்டிக் கொள்வதும் உண்டு. அந்தக் கொழுப்புதான் அதன் கட்டுச்சோறு. 2022இல், பிறந்து ஐந்தே மாதமான பட்டைவால் மூக்கன் ஒன்று அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியா வரை ஏறத்தாழ 13,560 கிலோமீட்டர் தூரத்தை 11 நாட்களில், எங்கும் இறங்காமல் பறந்து கடந்தது. வானில் சிறகை விரித்தும் மடக்கியும் பறப்பவற்றை அளவற்ற அருளாளனைத் தவிர வேறு யாரும் தாங்கி நிற்கவில்லை என்று ஸூரத்துல் முல்க்கின் 19ஆம் வசனம் உணர்த்துவது இதைத்தானே!

இவ்வாறு பேசிக் கொண்டிருக்கையில் நண்பர் ஒருவர், “இப்போதுதான் ஹள்ரத் இதில் நல்ல கொழுப்பு இருக்கும். உள்ளான் கறி ருசியே தனி. ஹலால்தானே?” என்றார். சிறு வயதில் தம் ஊரில் வலைவைத்துப் பிடித்து விற்றதை வாங்கி உண்டவர் அவர். அவர் கேட்டதில் குற்றமில்லை. விடை சொல்வது நம் கடமை.

இறைச்சியைப் பொறுத்தவரை அது ஹலால்தான். அதை ஹராம் என்று சொல்ல நமக்கு உரிமையில்லை. வேட்டையையும் மார்க்கம் அடியோடு தடுக்கவில்லை. ஆனால் இஹ்ராம் கட்டியவரின் நிலையை எண்ணிப் பாருங்கள். நேற்று வரை ஆகுமாயிருந்த தரை வேட்டை, இஹ்ராம் கட்டியதும் அவருக்கு ஹராமாகி விடுகிறது. மக்காவின் ஹரம் எல்லைக்குள்ளோ வேட்டைப் பிராணியை விரட்டவும் கூடாது என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். பிராணி அதேதான், இறைச்சியும் அதேதான். மாறியவை இடமும் வேளையும் மனிதனின் நிலையும். எனவே, ‘இறைச்சி ஹலாலா?’ என்பது ஒரு கேள்வி. ‘இங்கே, இப்போது, இவ்வழியில் பிடிப்பது தகுமா?’ என்பது வேறொரு கேள்வி. முதற் கேள்விக்குக் கிடைத்த விடையை இரண்டாவதற்கும் விடையாகக் கொள்ளுதல் ஆகாது.

இரண்டாவது கேள்விக்கு விடை என்ன? 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இப்பறவைகளைப் பிடிப்பதையும் விற்பதையும் தடை செய்கிறது. பொதுநலன் கருதி இடப்பட்ட, மார்க்கத்துக்கு முரணில்லாத கட்டளைக்கு நாம் கட்டுப்பட்டவர்கள். அது ஒருபுறம் இருக்க, வேறு உணவு இல்லாதவன் பசிக்குப் பிடிப்பதும், வீட்டில் கோழியும் மீனும் இருக்க நாவின் ருசிக்காக வலை விரிப்பதும் ஒன்றாகுமா? வழிப்போக்கருக்கு உரிமை கொடுத்த மார்க்கம் நம்முடையது. அல்லாஹ்வின் பூமியில் பயணம் போகும் ஒரு படைப்பின் கட்டுச்சோற்றையே, அது கொழுத்திருக்கிறது என்பதற்காக, நாம் உண்ண ஆசைப்படலாமா? ஒரு பயணத்தில் ஸஹாபாக்கள் சிலர் ஒரு சிறு பறவையின் இரு குஞ்சுகளை எடுத்துவிட, தாய்ப்பறவை பதறிச் சிறகடித்தது. அதைக் கண்ட பெருமானார் (ஸல்) அவர்கள், அதைத் துயரப்படுத்தியது யாரென்று வினவி, குஞ்சுகளைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார்கள். இது அபூதாவூதில் உள்ள செய்தி. பறவைக்கும் மனத்துயர் உண்டென்பதை அவர்கள் ஏற்றுக் கொண்டார்கள் என்பது கவனிக்கத் தக்கது.

பறவையியல் அறிஞர் ஸாலிம் அலீ (1896–1987) சிறுவனாக இருந்தபோது ஒரு குருவியைச் சுட்டார். அதன் தொண்டையில் மஞ்சள் நிறம் இருந்தது. இதை ஒரு முஸ்லிம் உண்ணலாமா என்ற ஐயத்தோடு மாமா அமீருத்தீன் தையப்ஜியிடம் எடுத்துச் சென்றார். அவர் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்பி வைத்தார். பின்னாளில் அதே கழகத்தார் கோடியக்கரையில் பறவைகளின் காலில் வளையமிட்டு, அவை போகும் வழியை ஆராய்ந்தனர். ஹலாலா என்று கேட்ட ஒரு கேள்வி, அங்கேயே நின்றுவிடாமல் அறிவாக வளர்ந்தது!

ஆகவே சகோதரர்களே, சகோதரிகளே! உங்கள் பிள்ளைகளை ஒரு நாளாவது கடற்கரைக்கு அழைத்துச் சென்று, பறவைகளைக் காட்டுங்கள். அதை வீண் பொழுதென்று எண்ண வேண்டாம். அபூ உமைர் என்ற சிறுவரிடம் அவருடைய சிறு குருவியைப் பற்றி நபிகள் நாயகம் (ஸல்) அவர்களே அன்போடு விசாரித்திருக்கிறார்கள். வலையில் பிடித்த பறவை விலைக்கு வந்தால் வாங்காதீர்கள். வாங்குவோர் இல்லையேல் வலை விரிப்போரும் இல்லை. பறவைகளும் நம்மைப் போன்ற சமுதாயங்களே என்று ஸூரத்துல் அன்ஆம் 38ஆம் வசனம் அறிவிக்கிறது. பயணம் போகும் அந்தச் சமுதாயத்துக்கு நம் கரை இடையூறாக அமையாதிருக்க, எல்லாம் வல்ல அல்லாஹ் நமக்குத் தௌஃபீக் செய்வானாக! ஆமீன்.