குறைந்த விலையும் குறையுள்ள பொருளும்

கோவையில் நம் மஹல்லாவைச் சேர்ந்த அன்பர் ஒருவர், ஆடி மாதத்தில் ஒருநாள் அஸர் தொழுகைக்குப் பிறகு நம்மிடம் வந்தார். "ஹஜ்ரத், மகளுக்குக் கட்டிலும் அலமாரியும் எடுக்க வேண்டும். அவினாசி ரோட்டில் ஒரு கடையில் பெரிய கம்பெனிச் சாமான்களைப் பாதி விலைக்குப் போடுகிறார்களாம். நீங்களும் கூட வாருங்கள்" என்றார். மரச்சாமான் வாங்க மௌலவி எதற்கு என்று நமக்குச் சிரிப்பு வந்தது. "பாதி விலைக்குத் தருகிறார்கள் என்றால் அது நேர்மையான வியாபாரம்தானா என்று மனசு உறுத்துகிறது" என்று அவர் சொன்னதும் சிரிப்பு நின்றது. இப்படிக் கேட்கிறவரைத் தனியே அனுப்ப மனம் வரவில்லை. ஆடியில் கல்யாணம் கூடாது என்ற கணக்கு நமக்கில்லை என்பதால் ஆடித் தள்ளுபடியே முஸ்லிம்களுக்காகத்தான் போடுகிறார்கள் என்று வழியெல்லாம் அவர் வேடிக்கையாகப் பேசிக்கொண்டு வந்தார்.

அவர் விரும்பிய கட்டிலில் இரண்டு அட்டைகள் தொங்கின. கம்பெனியின் அச்சிட்ட அட்டையில் 84,000 ரூபாய். கடைக்காரரின் சிவப்பு அட்டையில் 46,000 ரூபாய். விற்பனைக்கு நின்ற இளைஞர், நாம் கேட்குமுன்பே கட்டிலைத் திருப்பிக் காட்டினார். தலைமாட்டுப் பலகையின் மூலையில் விரல் நீளத்திற்குப் பெயர்ந்திருந்தது. "லாரியில் வரும்போது உரசிவிட்டது பாய். இது முழுத் தேக்கு இல்லை. உள்ளே மரத்தூளை அழுத்திச் செய்த பலகை, மேலே மட்டும் தேக்குச் செதில் ஒட்டியிருக்கிறது. தண்ணீர் பட்டால் உப்பிவிடும், கவனமாக வைத்துக்கொள்ளுங்கள்" என்றார். அவருக்காக அங்கேயே துஆச் செய்தோம்.

ஒரு பொருளின் விலை குறைவதற்குக் காரணங்கள் பல. காட்சிக்கு வைத்த சாமானாக இருக்கலாம். அந்த மாதிரி இனி வராததாக இருக்கலாம். ஒருவர் வாங்கித் திருப்பியதாக இருக்கலாம். இவை எதிலும் பாவமில்லை. ரப்பர் மரத்துக்குத் தேக்கு நிறத்தில் பாலிஷ் கொடுத்து, வாங்குபவர் தேக்கு என்றே எண்ணிக்கொள்ள விடுவதுதான் குற்றம். 20,000 ரூபாய்ச் சாமானுக்கு 40,000 என்று அட்டை எழுதி, அதையே அடித்துவிட்டுப் பாதி விலை என்பதும் பொய்தான். மதீனாவின் கடைவீதியில் தானியக் குவியலுக்குள் கையை விட்ட நாயகம் (ஸல்) அவர்கள், உள்ளே ஈரம் கண்டு, நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கலாகாதா என்று கேட்ட வரலாறு வாசகர்கள் அறிந்ததே. திருப்பூர்க் காதர்பேட்டைக்குப் போனவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். அங்கே "இது செகண்ட்ஸ்" என்று சொல்லியே பனியனை விற்பார்கள். அந்த ஒரு சொல்லிலேயே குறை வெளியே வந்துவிடுகிறது. மரச்சாமானுக்கு அப்படி ஒரு சொல் வழக்கில் இல்லாததால் வாய் திறந்து விளக்கித்தான் ஆக வேண்டும்.

இமாமுல் அஃளம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் கூஃபாவில் துணி வியாபாரியாக இருந்தவர்கள். குறையுள்ள ஓர் ஆடையைச் சொல்லி விற்கும்படி தம் கூட்டாளி ஹஃப்ஸிடம் கொடுத்தார்கள். அவர் மறந்து, சொல்லாமலே விற்றுவிட்டார். வாங்கியவர் யாரென்று தெரியவில்லை. கிடைத்த பணம் முழுவதையும் இமாம் அவர்கள் தர்மம் செய்துவிட்டார்கள்.

"விற்ற பொருள் திரும்ப எடுக்கப்படமாட்டாது" என்று அந்தக் கடையிலும் பலகை இருந்தது. எல்லாக் குறைகளோடும் என்று நிபந்தனையிட்டு விற்றால், பின்னர் குறை கண்டு திருப்ப முடியாது என்பது ஹனஃபி சட்டம். கொங்குப் பகுதி ராவுத்தர்கள் பெரும்பாலும் அந்த மத்ஹபினரே. ஷாஃபிஈ மத்ஹபில் இத்தகைய பொருளுக்கு அந்த நிபந்தனை விற்றவரைக் காப்பாற்றாது. ஆயினும் தெரிந்த குறையை மறைப்பது பாவம் என்பதில் இரு மத்ஹபுக்கும் வேற்றுமை இல்லை.

இவ்வளவும் கடைக்காரருக்கு. வீட்டுக்காரருக்கு உள்ள பங்கை நாம் பதினைந்து நாள் கழித்துத்தான் உணர்ந்தோம்.

சம்பந்தி வீட்டார் சாமான் பார்க்க வந்த அன்று நம்மையும் அழைத்திருந்தார். கட்டில் போட்டிருந்தது, பெயர்ந்த மூலை சுவர்ப்பக்கம் இருந்தது. சிவப்பு அட்டையைக் காணோம். 84,000 ரூபாய் அட்டை மட்டும் தொங்கியது. மாப்பிள்ளையின் தாயார் அதைப் படித்துவிட்டுத் தம் சகோதரியைப் பார்த்தார். நம் அன்பர், "எல்லாம் கம்பெனிச் சாமான்" என்று மட்டும் சொன்னார். ஒரு சொல்லும் பொய்யில்லை. நாம் ஷர்பத்தைக் குடித்துக்கொண்டு மௌனமாக இருந்தோம்.

அன்றிரவு வாஸிலா இப்னு அஸ்கஃ (ரலி) அவர்களின் நினைவு வந்தது. ஒருவர் 300 திர்ஹத்திற்கு ஒட்டகம் வாங்கிப் போனபோது, வாஸிலா (ரலி) பின்னாலேயே ஓடி, அதன் குளம்பில் ஓட்டை உண்டு, பயணத்திற்குத் தாங்காது என்று சொன்னார்கள். வாங்கியவர் திரும்பி வர, விற்றவர் 100 திர்ஹம் குறைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. குறையை அறிந்த மூன்றாவது மனிதருக்கும் கடமை உண்டு என்பது நாயகம் (ஸல்) அவர்களிடம் தாம் கேட்டது என்றார்கள்.

ஆனால் இது வியாபாரமல்லவே, அன்பளிப்பு அல்லவா? அன்பளிப்பில் குறை கண்டு திருப்பும் உரிமை இல்லை. தள்ளுபடிக் கட்டிலைத் தருவதில் தோஷமும் இல்லை. குடித்தனத்துக்கு வேண்டிய சாமான்களைத் தேடுவது கணவனின் பொறுப்பு என்பதே நம் சட்டம். பெண்ணைப் பெற்றவர் தருவது அவர் மனமுவந்து தருவது. ஃபாத்திமா (ரலி) அவர்கள் கொண்டுபோனது ஒரு போர்வையும், தண்ணீர்த் தோல்பையும், இத்கிர் புல் அடைத்த தலையணையும்தான். ஆனால் தமக்கு இல்லாததை இருப்பதாகக் காட்டிக்கொள்பவரை, பொய்யின் இரு ஆடைகளை அணிந்தவருக்கு நாயகம் (ஸல்) அவர்கள் ஒப்பிட்டிருக்கிறார்கள். கட்டில் நல்ல கட்டில்தான். அந்த அட்டைதான் உடுத்திக்கொண்ட ஆடை. அதோடு, உள்ளே இருப்பது அழுத்திய பலகை என்று அறியாத பெண்கள் தேக்கென்று நம்பி ஈரத்துணியால் துடைப்பார்கள். அது உப்பி வெடித்தால் ஏச்சு யாருக்கு? அந்தப் பெண்ணுக்குத்தானே! கடைப் பையன் நம்மிடம் சொன்ன அந்த நாலு வார்த்தை நம் வீட்டு வாசலிலேயே நின்றுவிட்டது.

வாஸிலா (ரலி) அவர்களைப் போல் ஓடிப்போய்ச் சம்பந்தியிடம் சொல்லிவிடலாமா என்றும் எண்ணினோம். ஒரு தகப்பனாரை அவர் மகளின் மாமனார் முன் தலைகுனிய வைப்பது நமக்குச் சரியாகப் படவில்லை. அவரைத் தனியே சந்தித்தோம். "பாய், அந்த அட்டையை எடுத்துவிடுங்கள். தண்ணீர் படக்கூடாது என்பதையாவது சொல்லிவிடுங்கள்" என்றோம். அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "ஹஜ்ரத், மூத்தவளுக்கு முழுத் தேக்கில் செய்து கொடுத்தேன். அதையே குறை சொன்னார்கள். இதைச் சொன்னால் விடுவார்களா?" என்று கேட்டார். சட்ட நூல்களில் இதற்குப் பதில் தேடி நாம் எங்கே போவது? கேட்டுக்கொண்டிருந்தோம்.

நிக்காஹ் நல்லபடியாக நடந்தது. சாமான் ஏற்றும்போது அட்டை கட்டிலில் இல்லை. தண்ணீர் விஷயத்தை மகளிடம் சொல்லி அனுப்பினாராம். சம்பந்தியிடம் சொன்னாரா என்று நாம் கேட்கவில்லை.