பட்டா இல்லாத பாட்டாளி

கேழ்வரகும் துவரையும் விளைந்த மேட்டுநிலம் ஓசூர். இன்று அங்கே சரக்குந்து பிறக்கிறது, இருசக்கர வண்டி பிறக்கிறது, கைக்கடிகாரம் பிறக்கிறது. 1971-இல் தோன்றிய சிப்காட், நிலம் எடுத்துச் சாலை போட்டு, மின்சாரம் இழுத்து, ஆலைகளை வரவேற்றது. 1980-களில் அசோக் லேலண்டு, டி.வி.எஸ்., டைட்டன் என ஒவ்வொன்றாக வந்தன. பெங்களூர் கூப்பிடு தொலைவு, வராமல் இருக்குமா? பிறகு பர்கூர், சூளகிரி, போச்சம்பள்ளி என ஆலைகள் பரவின. 2019-இல் ஓசூர் மாநகராட்சியும் ஆயிற்று. வளர்ச்சிதான். மறுப்பாரில்லை.

நாமும் மறுக்கவில்லை. ஏரும் எருதும் இருந்த காலமே பொற்காலம் என்று புலம்பும் பழமைக் கூட்டத்திலே நமக்கு இடம் வேண்டாம், தோழர்களே! அந்தப் பொற்காலத்திலே நிலத்துக்கு உடையவன் யார், களத்து மேட்டில் கூலிக்குக் கையேந்தியவன் யார், கிணற்றருகே வராதே என்று விரட்டப்பட்டவன் யார் என்பதை நாம் அறிவோம். இயந்திரம் சாதி கேட்பதில்லை. (இயந்திரத்துக்கு ஆள் எடுப்பவர் கேட்பதுண்டு, அதைத் தனியே எழுதவேண்டும்.) ஆகவே நிலம் கைமாறுவதே குற்றம் என்று கூற நாம் முன்வரவில்லை. கைமாறும் அந்த நாளிலே, அந்த மண்ணின்மீது யார் யாருக்கு உரிமை உண்டு என்று எண்ணிப் பார்க்கிறோமா? இதுவே நம் கேள்வி.

மண்ணோடு தன் உழைப்பைக் கலந்தவனுக்கே அது உடைமை என்று வாதிட்டார், 17-ஆம் நூற்றாண்டின் ஆங்கிலச் சிந்தனையாளர் ஜான் லாக். அருமையான வாதம்! ஆனால் அதே லாக், வேலைக்காரன் கலந்த உழைப்பை மட்டும் எசமானனின் கணக்கிலே வரவு வைத்துவிட்டார். நம் ஊர்ப் பட்டாப் பதிவேடும் இந்த வகையில் அவருடைய சீடனே.

ஓசூர்ப் பக்கத்து ரோசாத் தோட்டம் ஒன்றை எண்ணிப் பாருங்கள். பட்டா ஒருவர் பெயரில். வாய்ச்சொல்லை நம்பிக் குத்தகைக்கு உழுபவர் வேறொருவர். விடியுமுன் முள்ளுக்குள் கைவிட்டுப் பூப்பறிக்கும் பெண்கள் நால்வர். அறுவடை முடிந்த பக்கத்துக் காட்டிலே ஆடு மேய்ப்பவர் இன்னொருவர். நிலமெடுப்பு அறிவிப்பு வருகிறது. பட்டாக்காரருக்கு இழப்பீடு. அவருக்கும் குறை உண்டு; நியாயமான குறை. விளைநிலம் என்று விலைபோட்டு எடுத்த இடம், ஆலைவாயில் எழுந்ததும் எங்கோ உயர்ந்துவிடுவதை அவர் கண்ணாரக் காண்கிறார். 2023-இல் உத்தனப்பள்ளிப் பகுதி உழவர் சிப்காட் விரிவை எதிர்த்துப் போராடியது வீம்புக்காக அன்று. ஆயினும் அவர் பேரம் பேச ஒரு தாள் இருக்கிறது. பூப்பறித்த பெண்ணிடம் எந்தத் தாள் இருக்கிறது?

சட்டம் இவர்களை அடியோடு மறந்துவிடவில்லை. வெள்ளையன் 1894-இல் இயற்றிய சட்டத்தை அகற்றிவிட்டு வந்த 2013-ஆம் ஆண்டுச் சட்டம், நிலமெடுப்புக்கு முன் மூன்றாண்டுகள் அந்த நிலத்தை நம்பிப் பிழைத்த கூலியாளையும் குத்தகையாளரையும் பாதிக்கப்பட்ட குடும்பம் என்று ஏற்கிறது. அவர்களைக் கண்டறிய, சமூகத் தாக்க மதிப்பீடு ஒன்றையும் வகுத்தது. ஆனால் தமிழ்நாட்டிலே தொழிலுக்கென நிலமெடுக்க 1997-ஆம் ஆண்டின் தனிச்சட்டம் இருக்கிறது. 2014-இல் செய்த திருத்தம், அந்த மதிப்பீட்டிலிருந்து அதற்கு விலக்களித்தது. 2019-இல் உயர்நீதிமன்றம் குறுக்கிட்டது. அவ்வாண்டே சட்டமன்றம் புதுச்சட்டம் இயற்றி மீட்டது. 2021-இல் உச்சநீதிமன்றம் அது செல்லும் என்றது. செல்லும், சரி. நீதியா என்பது நீதிமன்றப் படிகளோடு முடிகிற கேள்வியா? எண்ணாதவனுக்கு எப்படி ஈடு தருவது?

கடல்கடந்தும் இதே கதை. மலேசியாவில் 1991-ஆம் ஆண்டுத் திருத்தம், பொருளாதார வளர்ச்சிக்குப் பயன் தரும் எதற்கும் நிலமெடுக்கலாம் என வழி அகலத் திறந்தது. தோட்டங்கள் வீட்டுமனைகளாயின. தலைமுறை தலைமுறையாய்ப் பால்மரம் சீவிய தமிழர், தமக்கெனச் சொந்த வீடில்லாமல் வரிசைக் குடியிருப்பை விட்டு வெளியேறினர். சிங்கப்பூரிலும் 1966-ஆம் ஆண்டுச் சட்டம் நிலத்தை மலிவாகவே எடுத்தது, கடுமையான சட்டம்தான். ஆனால் எடுத்த மண்ணிலே அரசு பெருந்திரளான மக்களுக்கு வீடு கட்டியது. நிலத்தின் விலையேற்றம் உடையவனின் உழைப்பன்று, ஊரின் உழைப்பு என்று 1879-இலேயே முழங்கிய ஹென்றி ஜார்ஜ் இதைக் கண்டிருந்தால் பாதியாவது மகிழ்ந்திருப்பார்.

சிப்காட் தன் மனைகளை ஆலைகளுக்கு 99 ஆண்டுக் குத்தகைக்கே தருகிறது. மண் பொதுவுடையது, ஏறும் மதிப்பில் பொதுவுக்கும் பங்கு உண்டு. அந்தப் பங்கிலிருந்து பட்டா இல்லாதவருக்கு ஆண்டுதோறும் ஒரு தொகை வழங்க எந்தப் பகுத்தறிவு தடை சொல்லும்?

அதற்கு முதலில் பெயர்ப்பட்டியல் வேண்டும். அரசு எடுக்கும்வரை காத்திருப்பானேன்? சூளகிரியிலும் உத்தனப்பள்ளியிலும் படித்த இளைஞருக்குப் பஞ்சமில்லை. ஒரு குறிப்பேட்டோடு தெருத்தெருவாகச் செல்லுங்கள்; ஊர்க்கோடியிலுள்ள தெருவிலே தொடங்குங்கள். யார் காட்டில் வேலை, எத்தனை ஆண்டாக, ஆண்டுக்கு எத்தனை நாள் என்று கேட்டெழுதிக் கையொப்பமோ கைநாட்டோ வாங்குங்கள். தெலுங்கிலும் கன்னடத்திலும் கேட்க வேண்டியிருக்கும். எல்லையூர்ப் பிள்ளைகளுக்கு அது கைவந்த கலை.