நோன்பும் கண் சொட்டு மருந்தும்

கண்ணில் விட்ட மருந்து சற்று நேரத்தில் தொண்டையில் கசக்கிறது. புரை ஆபரேஷனுக்குப் பிறகு கொடுக்கும் சொட்டு மருந்துகளில் மாக்ஸிஃப்ளாக்ஸசின் செய்கிற வேலை இது. மற்ற மாதமென்றால் ஒரு வாய் தண்ணீரோடு போய்விடும். எனக்கு ஆபரேஷன் ஆனதோ ரமலானை ஒட்டி. "லாத்தா, தொண்டையில எறங்குனா நோன்பு முறிஞ்சிருமே?" என்றாள் பக்கத்து வீட்டுப் பெண்.

காயல்பட்டினத்தில் நாங்கள் ஷாஃபி மத்ஹபு, அதாவது ஷாஃபி சட்டமரபைச் சேர்ந்தவர்கள். கண்ணில் சுருமா இட்டால் நோன்பு முறியாது, ருசி தொண்டையில் தெரிந்தாலும் சரி என்று இமாம் நவவீ எழுதியிருக்கிறார். கண் திறந்த வழியல்ல என்பது காரணம். ஹனஃபிகளும் முறியாது என்றே சொல்கிறார்கள். மாலிக்கி, ஹம்பலி மத்ஹபுகளில் தொண்டையை எட்டினால் முறியும்.

ஆனால் வழி இருக்கிறதே! கீழிமையின் மூக்கோரத்தில் ஊசிமுனை அளவில் ஒரு துவாரம். பேத்தியின் இமையை இழுத்துப் பார்த்தேன், தெளிவாகத் தெரிந்தது. அங்கிருந்து கண்ணீர்க் குழாய் மூக்குக்குள் இறங்குகிறது, மூக்கிலிருந்து தொண்டைக்கு வழி. ஒரு சொட்டு, மில்லியில் இருபதில் ஒரு பங்குதான். அதையே கண் முழுதாக ஏந்தாது, மிச்சம் வழிந்தும் இறங்கியும் போகிறது.

அப்படியானால் சட்டத்தின் அடித்தளம் ஆட்டம் கண்டுவிட்டதா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. ருசி தொண்டைக்கு வரும் என்று தெரிந்துதானே அந்த இமாம்கள் எழுதினார்கள்? கண் வழியாக யாரும் உண்பதில்லை. அந்தக் கசப்பால் பசியோ தாகமோ தீர்வதில்லை. அல்லாஹ்வுக்காக விட்ட எதையும் நான் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. 1997இல் ஜித்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட சர்வதேச ஃபிக்ஹ் அகாடமியும், தொண்டைக்கு வந்ததை விழுங்காமல் தவிர்த்தால் சொட்டு மருந்து நோன்பை முறிக்காது என்றே தீர்மானித்தது.

சிலர் பயந்து பகல் வேளை மருந்தை நிறுத்துவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. ஆபரேஷனுக்குப் பிறகு கொடுக்கும் ஸ்டீராய்டு சொட்டைப் படிப்படியாகத்தான் குறைக்கிறார்கள். இஷ்டத்துக்கு நிறுத்தினால் கண்ணுக்குள் அழற்சி திரும்பலாம். அதே மருந்து சிலருக்குக் கண் அழுத்தத்தை ஏற்றும் என்பதால் பரிசோதனையையும் தள்ளிப்போடக்கூடாது. பார்வை அல்லாஹ் தந்த அமானிதம். மனம் ஒப்பாதவர்கள் நோன்பை விட்டுப் பிறகு கழாச் செய்யட்டும், நோயாளிக்குக் குர்ஆனே அந்தச் சலுகையைத் தருகிறது.

தராவீஹுக்குத் தைக்கா வரும் பெண்களிடம் சொல்லிவருகிறேன்: சொட்டு விட்டதும் கண்ணை மூடி, மூக்கோர மூலையை விரலால் இரண்டு நிமிடம் மெல்ல அழுத்துங்கள். கசப்பு பெருமளவு குறையும். வந்ததைத் துப்பிவிடுங்கள்.