அமர்நீதியாரின் தராசும் அம்மாவின் தையல் மெசினும்



நவராத்திரி வந்தால் எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. ஆயுத பூசையன்று அம்மா தன் சிங்கர் தையல் மெசினைத் துடைத்து, சந்தனமும் குங்குமமும் வைத்து, ஒரு செவ்வரத்தம்பூவும் சூட்டிவிடுவார். அன்று முழுவதும் சக்கரம் சுழலாது. மறுநாள் விசயதசமியன்று காலையில் குளித்து வந்து, ஒரு தலையணை உறையாவது தைத்த பின்புதான் தேநீர் குடிப்பார்.

இம்முறை வாணி விழாவுக்கு முன்னர் எங்கள் கராச்சில் இருந்த அந்த மெசினின் மூடியைத் திறந்தேன். இரண்டு நவராத்திரிகளுக்கு முன்பு அம்மா வைத்த குங்குமம் காய்ந்து அப்படியே இருந்தது. அதற்குப் பின் வந்த தை மாதத்தில் அவர் இறைபதம் அடைந்தார். ஊசியில் துரு ஏறியிருந்தது. அன்றிரவு எனக்கு அமர்நீதி நாயனாரின் நினைவு வந்தது.

சேக்கிழார் பெருமான் திருத்தொண்டர் புராணத்தில் பாடிய அறுபத்து மூவருள் அமர்நீதியார் ஒரு வணிகர். சோழநாட்டுப் பழையாறையில் பொன்னும் மணியும் துகிலும் விற்றவர். சிவனடியார்களுக்கு அமுதூட்டி, உடையும் கீளும் கோவணமும் கொடுப்பதைத் தம் தொண்டாகக் கொண்டவர். திருநல்லூரிலே மடம் அமைத்துத் தொண்டு செய்த அவரிடம் எம்பெருமான் பிரமசாரி வேடத்தில் வந்து, தண்டிலே கட்டியிருந்த இரண்டு கோவணங்களில் ஒன்றை அவிழ்த்துக் கொடுத்து, நீராடி வரும்வரை காத்து வைக்கும்படி சொன்னார். பிறகு அதைத் தாமே மறைத்தருளினார். திரும்பி வந்து கேட்டபோது அது இல்லை. எஞ்சியிருந்த கோவணத்துக்குச் சரியான எடை கொடுத்தால் போதும் என்றார். தராசு நாட்டப்பட்டது. கோவணங்கள், பட்டு, பொன், மணி என்று உள்ளதெல்லாம் அடுக்கியும் தட்டு சமமாகவில்லை. முடிவில் நாயனார் தம் மனைவியோடும் மைந்தனோடும் தாமே தட்டில் ஏறினார். அப்பொழுதே தராசு நேர் நின்றது.

தொழிலாற் கணக்காளனாகிய நான் இக்கதையில் எப்போதும் தயங்கி நிற்கும் இடம் ஒன்றுண்டு. கோவணம் காணாமற் போனது நாயனாரின் கவனக்குறைவால் அல்ல. ஆனாலும் அவர் அப்படி வாதாடவில்லை. காத்து வைக்கும்படி பிறர் தந்த பொருள் நம்முடைய ஐந்தொகையில் சொத்தாக ஏறாது. அது பொறுப்பாகத்தான் நிற்கும். பெறுமானத்தேய்வு கழித்துக் கழித்து அதன் விலையைச் சைபர் ஆக்கினாலும் பொறுப்பு சைபர் ஆகாது.

அம்மாவின் மெசின் அம்மம்மா வாங்கியது. அம்மாவுக்குச் சீதனமாக வந்தது. 15கே என்ற வகை. அந்தக் ‘கே’ ஸ்கொட்லாந்தின் கிளைட்பாங்க் நகரில் இருந்த கில்போவி தொழிற்சாலையைக் குறிப்பது என்பதை நான் இந்நாட்டுக்கு வந்த பின்பே அறிந்தேன். 1980இல் அதை மூடிவிட்டார்கள். இங்கே பிறந்து, கப்பலேறி, யாழ்ப்பாணத்தில் மூன்று தலைமுறைக்குச் சட்டை தைத்த இயந்திரம் அது.

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமம் முழுவதும் வீதியில் இறங்கியபோது எனக்குப் பதினான்கு வயது. சைக்கிள் கரியரில் என் புத்தகப் பெட்டியைக் கட்டி வைத்திருந்தேன். அம்மா அதை அவிழ்த்து விறாந்தையில் வைத்துவிட்டு, மெசினின் தலையை மேசையிலிருந்து கழற்றி, பழைய சேலையில் சுற்றி, அந்த இடத்தில் கட்டினார். நான் அழுதேன். செம்மணி வெளியில் மழைக்குள் சைக்கிளைத் தள்ளிய நேரம் முழுவதும் அவரோடு பேசவில்லை. பிறகு வன்னியில் ஒரு மரப்பலகையின் மேல் அந்தத் தலையைப் பூட்டி, கையால் சுற்றி, பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு வெள்ளைச் சட்டை தைத்துத்தான் எங்கள் நால்வருக்கும் சோறு போட்டார். 2010இல் இங்கே வந்தபோதும் அது பொதிக்குள் இருந்தது. அவருடைய சேலைகளை விட அதுதான் நிறை கூட.

இப்படிப்பட்ட பொருளை எப்படிக் கொடுப்பது? கனடாவிலுள்ள தங்கை, “அண்ணா, அதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வையுங்கோ” என்றாள். விலை கேட்டு வந்த ஒருவர் அதை மேசைவிளக்காக மாற்றப் போவதாகச் சொன்னார். மரியாதையாகத் தேநீர் கொடுத்து அனுப்பினேன். (அரும்பொருள் என்று பெரிய விலையை எதிர்பார்த்திருப்பவர்கள் ஆறுதல் கொள்க. அந்த ஒரு தொழிற்சாலையே மூன்று கோடிக்கும் அதிகமான மெசின்களைச் செய்து தள்ளியது.)

ஆயுத பூசையை நாம் எப்படிச் செய்கிறோம் என்று பாருங்கள். கருவிக்கு ஒருநாள் ஓய்வு. மறுநாள் தொழில். மறுநாள் என்பது இல்லாவிட்டால் அந்தப் பூசை பாதியில் நிற்கிறது. என் கராச்சில் அது ஒன்றரை வருடத்துக்கும் மேலாகப் பாதியில் நின்றது. காத்து வைத்திருக்கிறேன் என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

உங்கள் வீடுகளிலும் இப்படி ஒன்று இருக்கலாம். தேங்காயெண்ணெய் மட்டும் விடாதீர்கள், அது பிசினாகிப் பற்களை இறுக்கும். தையல் மெசினுக்கென்றே விற்கும் எண்ணெயை விடுங்கள். மோட்டர் பூட்டியதாயின் பழைய வயரை மின்தொழில் தெரிந்தவரிடம் காட்டாமல் செருகவேண்டாம். 15கே வகைக்கு இன்று கடையில் விற்கும் சாதாரண ஊசியே பொருந்தும். பழைய கருவிகளைத் திருத்தி ஆபிரிக்க நாடுகளுக்கு அனுப்பிய தொண்டு நிறுவனங்களும் இந்நாட்டில் உண்டு. நானும் முதலில் அப்படித்தான் எண்ணியிருந்தேன்.

அதற்குள், வெள்ளிக்கிழமைகளில் மடைப்பள்ளியில் உதவி செய்யும் ஒரு சகோதரி, நம் ஆலயத் திரைச்சீலையின் கிழிந்த கரையைக் கையால் தைத்துக்கொண்டிருந்ததைக் கண்டேன். முல்லைத்தீவில் தையல் பழகியவர். அகதி விண்ணப்பத்துக்கு முடிவு வரவில்லை, ஆகையால் தொழில் செய்ய அனுமதியில்லை. தன் பிள்ளைகளுக்கும் சுவாமிக்கும் தைப்பதற்கு யாரும் அனுமதி கேட்கமாட்டார்கள் அல்லவா?

விசயதசமியன்று கணவருடன் வந்தார். கேளாமலே ஊசியைக் கழற்றினார், எண்ணெய்த் துளைகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார், சக்கரத்தைத் தன் பக்கமாக மெல்லச் சுழற்றினார். பிறகு பொபினை வெளியே எடுத்தார். அதில் அம்மா சுற்றிய வெள்ளை நூல் பாதி இருந்தது.

“அண்ணை, இந்த நூலிலேயே தைக்கட்டோ, இல்லாட்டி எடுத்துத் தரட்டோ?” என்று கேட்டார்.

மெசினைக் காரில் ஏற்றிக் கொடுத்தேன். பொபினை மட்டும் வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். அமர்நீதியார் அதையும் கொடுத்திருப்பார்.