அறியாமை என்ற சாட்டு

செறோக்கி மக்கள் நடந்த கண்ணீர்ப் பாதைக்கு நிழற்படம் ஒன்றேனும் கிடையாது. 1838 இல் அமெரிக்கப் படையினர் அவர்களை வீடுகளிலிருந்து பிடித்து முகாம்களில் அடைத்து மேற்கே ஓட்டியபோது அக்கலை உலகறிய வெளிவரவில்லை. தகேயரின் முறை வெளியானது 1839 இலேயாம். பின்னாளைய படங்களில் செறோக்கியரும் கிறீக் மக்களும் கோட்டு அணிந்து அமைதியாக அமர்ந்திருக்கின்றனர். காயத்தைக் காணவேண்டுமாயின் கடிதங்களையே நாடவேண்டும்.

சிக்கோயா ஆக்கிய எழுத்தில், 1828 இலேயே சொந்தப் பத்திரிகை நடத்திய மக்கள் அவர்கள். 1835 இல் அதிகாரமற்ற சிலர் நாட்டைக் கையளித்து ஒப்பமிட்டனர். தலைவர் ஜோன் றோஸ் எழுத்தில் ஆட்சேபித்தார். அது தெரிந்திருந்தும் செனற் சபை 1836 இல் ஒரேயொரு வாக்கு மிகையால் ஒப்பந்தத்தை ஏற்றது. 1838 இல் 15,000 க்கு மேற்பட்ட பெயர்களுடன் சென்ற விண்ணப்பமும் பலன் தரவில்லை. மாண்டவர் ஏறக்குறைய 4,000 பேர் என்பர்.

வெல்ல முடியாத அறியாமை குற்றத்தை நீக்கும் என்று குருமடத்தில் படித்தோம். ஒருவர் தாமே விரும்பித் தேடிக்கொள்ளும் அறியாமை அப்படியல்ல என்பார் புனித தோமஸ் அக்குவினாஸ். விண்ணப்பம் மேசையில் கிடக்க, "எமக்குத் தெரியாது" என்பது எந்த வகை?

கட்டளைப்படி துவக்கேந்திய சிப்பாய் அக்கடிதங்களைக் கண்டிரான். ஆனால் முகாமில் பிள்ளைகள் அழுததை அவன் கேட்டிருப்பான். அவன் மட்டில் தீர்ப்புச் சொல்ல நான் தயங்குகிறேன். வாக்களித்தோர் மட்டில் அத்தயக்கம் எனக்கில்லை. விண்ணப்பம் இன்றும் அமெரிக்கத் தேசியச் சுவடிக்கூடத்தில் இருக்கிறது, பெயர்களோடு.